தேயிலைப் பெட்டிக்குப் பழைய கிமோனோத் துணி: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானில் தேயிலை சேமிக்கவும் ஏற்றுமதி செய்யவும் பயன்பட்ட சாபாகோ என்னும் மரப்பெட்டியைப் பழைய கிமோனோத் துணியாலும், கிமோனோவின் மேல் இடுப்பில் கட்டும் ஓபி என்ற அகலப் பட்டையாலும் அலங்கரிப்பது பற்றி, அங்கே வசிக்கும் வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? 10 கிலோ, 20 கிலோ என்பது எதைக் குறிக்கிறது? (வாசகி, யோகோஹாமா)

அந்தக் கிலோ பெட்டியின் எடை இல்லை, அதில் அடைக்கக்கூடிய தேயிலையின் அளவு. 5 கிலோவிலிருந்து 40 கிலோ வரை பெட்டிகள் உண்டு. முதல் முறை செய்பவர்களுக்கு 10 கிலோ அளவு வசதி. தனியாளாகத் தூக்கித் திருப்பலாம், ஒரே கிமோனோவில் துணியும் போதும்.

பெட்டியின் உடல் சுகி என்னும் ஜப்பானிய ஊசியிலை மரம். பலகை ஏறக்குறைய 1 செ.மீ. கனம்தான். உள்ளே துத்தநாகம் பூசிய தகரம், மூலைகளிலும் பலகை இணைப்புகளிலும் தாள் ஒட்டியிருக்கும். ஈரத்தையும் வேற்று வாசனையையும் தேயிலை உடனே இழுத்துக்கொள்ளும் என்பதால் வந்த ஏற்பாடு இது. 1859-இல் உங்கள் யோகோஹாமா துறைமுகம் திறந்த பிறகு பட்டுக்கு அடுத்தபடி கப்பலேறிய பெரிய சரக்கு தேயிலை. ஷிசுவோகா மாநிலத்தின் கவானே பகுதியில் இன்றும் கையால் செய்கிறார்கள்.

முதல் பெட்டி புதியதாக இருக்கட்டும். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்றால் மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை வருகிறதா? மரத்தில் ஊசிமுனைத் துளைகள் இருந்து, தட்டினால் புது மரத்தூள் கொட்டுகிறதா? கொட்டினால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, வேண்டாம். தகரத்தில் வெள்ளைப் பொடி மட்டும் படிந்திருந்தால் உலர்ந்த பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடலாம். செந்துரு பிடித்துத் துளை விழுந்திருந்தால் 5 செ.மீ. அகல அலுமினிய டேப்பை உள்ளிருந்து ஒட்டலாம். அடித்தகரம் முழுக்க அரித்திருந்தால் அந்தப் பெட்டிக்குத் துணி செலவழிக்காதீர்கள்.

ஒரு கிமோனோவைப் பிரித்தால் ஒரு பெட்டிக்குப் போதுமா? எப்படிக் கணக்கிடுவது? (வாசகர், நிஷி-கசாய்)

கிமோனோத் துணியின் நெசவு அகலமே ஏறக்குறைய 36 செ.மீ.தான். பழைய உருப்படிகளில் 34 கூட இருக்கும். அதனால் வேண்டிய பரப்பைவிட, எந்தத் துண்டு எந்தத் திசையில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

பிரித்தால் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். உடல் துண்டு இரண்டு, கை இரண்டு, முன்புற ஒட்டு இரண்டு, கழுத்துப் பட்டை ஒன்று, அதன்மேல் தைத்த உறைப்பட்டை ஒன்று. உடல் துண்டுக்குத் தோளில் தையல் கிடையாது. முன்புறமும் பின்புறமும் சேர்ந்த ஒரே நீளம், சுமார் 3 மீட்டர். நடுவில் கழுத்துக்காக 9 செ.மீ. போல ஒரு வெட்டு மட்டும் இருக்கும். அந்த வெட்டில் இரண்டாக்கினால் ஒன்றரை மீட்டர் கொண்ட இரு பட்டைகள்.

வெளி அளவு 42 × 30 செ.மீ., மொத்த உயரம் 33 செ.மீ. உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். மூடியின் பக்க உயரம் 7 என்றால், மூடிய நிலையில் அதற்குக் கீழே 26 செ.மீ. உடல் தெரியும். சுற்றளவு 144. உடலுக்கு வேண்டியது 146 செ.மீ. நீளம், 31 செ.மீ. அகலம்: உயரம் 26, மேலே மடிக்க 2, அடியில் திருப்ப 3. உடல் துண்டின் ஒரு பாதியே போதும். மூடியின் மேற்புறத்துக்கு 46 × 34. இதைக் கைத்துண்டிலிருந்து எடுங்கள். மூடியின் பக்கச் சுற்றுக்கு 146 × 11. இதற்குக் கழுத்துப் பட்டை பொருந்தும், பிரித்தால் அது 2 மீட்டர் அளவுக்கு வரும். மீதம் ஒரு முழு உடல் துண்டு கையில் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். உறைப்பட்டைக்கு அடியில் இருந்த கழுத்துத் துணியில் வெளிச்சம் பட்டிருக்காது. பிரித்துப் பார்த்தால் அந்தப் பகுதி மட்டும் வாங்கிய நாள் நிறத்தில் இருக்கும், மற்ற இடம் வெளுத்திருக்கும். நிற எல்லை பெட்டியின் மூலையில் விழும்படி வெட்டுங்கள். அடுத்தது, மேலே சொன்ன கணக்கில் உடல் துணி படுக்கைவாக்கில் சுற்றுகிறது. கட்டம், புள்ளி, சிறு பூ என்றால் சிக்கல் இல்லை. கொக்கு, மூங்கில், நிற்கும் பூங்கொத்து போன்ற வடிவங்கள் படுத்துவிடும். அவற்றுக்கு 31 செ.மீ. உயரத் துண்டுகளாக வெட்டி, நெட்டுவாக்கில் இணைத்துத் தைக்க வேண்டும். அகலம் 34-தான் என்பதால் 42 செ.மீ. முகத்தின் நடுவே ஒரு இணைப்பு வரும். அதை மறைக்கப் பார்க்காமல், முகத்தை மூன்றாகப் பிரித்து நடுவில் படமும் இருபுறமும் வெற்று நிறத் துணியும் வைத்தால் நன்றாக இருக்கும்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து சிரிமென் பட்டுத் துணியை ஒட்டினேன். சிறிது நேரத்தில் சுருங்கிச் சுருக்கம் விழுந்து, ஓரத்தில் பசைக்கறையும் வந்துவிட்டது. என்ன தவறு? (வாசகி, கவாசாகி)

சிரிமென் என்பது கிரேப் நெசவு. ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, மிக இறுக்கமாக முறுக்கி நெய்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் முறுக்கு வேலை செய்யத் தொடங்கி, துணி அகலவாக்கில் சுருங்கும். உங்கள் பசையில் இருந்த தண்ணீரே அதற்குப் போதும். துணி ஓரிடத்தில் ஒட்டி, பக்கத்தில் சுருங்கும்போது சுருக்கம் விழாமல் இருக்காது. கறைக்குக் காரணம், மெல்லிய பட்டு வழியே பசை மேலே வந்தது. காய்ந்த பிறகு அதை எடுக்க வழியில்லை.

பழைய துணி எதுவானாலும் பசையை நம்பாதீர்கள். துணியை இழுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்துங்கள். பின்னாளில் துணியைப் பெட்டியிலிருந்து சேதமில்லாமல் கழற்றவும் இதுதான் ஒரே வழி. அறுபது எழுபது ஆண்டு கடந்த பட்டுக்கு அந்த வாய்ப்பையாவது விட்டுவைக்க வேண்டும். முறை இது:

வெற்றுப் பெட்டியை மூடி, மூடியின் கீழ் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் பென்சில் கோடு போடுங்கள். மூடியை எடுத்துவிட்டு, கோட்டுக்குக் கீழே மரத்தின் மேல் வெள்ளைப் பருத்தித் துணி ஒரு சுற்று. சுகியின் சிவந்த நடுமரத்திலிருந்து நிறம் ஏறிப் பட்டு கறையாகாமல் இருக்கத்தான் இது. அதன்மேல் 3 முதல் 5 மி.மீ. கனமுள்ள பஞ்சு ஷீட். பஞ்சின் இணைப்பு பெட்டியின் மூலையில் வரட்டும். முகத்தின் நடுவில் வந்தால் பட்டின் மேல் கோடாகத் தெரியும்.

இனி பட்டு. பின்பக்க மூலை ஒன்றில் தொடங்குங்கள். துணியின் நல்ல பக்கம் பெட்டியைப் பார்த்திருக்க, துணியின் உடல் மேல்நோக்கி இருக்க, அதன் 2 செ.மீ. ஓரத்தை மட்டும் கோட்டுக்குக் கீழே வையுங்கள். அந்த ஓரத்தின் மேல் 1 செ.மீ. அகலமுள்ள கெட்டி அட்டைப் பட்டையை, அதன் மேல் விளிம்பு கோட்டுக்கு 3 மி.மீ. கீழே நிற்குமாறு பிடித்து, 3 செ.மீ.க்கு ஒரு பின்னாக ஸ்டேப்ளர் கன்னால் அடியுங்கள். நான்கு முகத்துக்கும் நான்கு தனி அட்டைப் பட்டைகள். அடித்து முடித்து, துணியை அட்டையின் மேல் கவிழ்த்துக் கீழே இறக்கினால் மேல் ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக நிற்கும். பின் ஒன்றும் கண்ணில் படாது.

பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு முகத்திலும் முதலில் நடுவில் ஒரு பின். எதிர் முகத்திலும் நடுவில் ஒன்று. பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வரிசையாக அடித்துக்கொண்டே போனால் நெசவு சாய்ந்து, கட்டங்கள் கோணலாகும். கடைசிச் செங்குத்து ஓரத்தை ஒன்றரை செ.மீ. உள்ளே மடித்து, வளைந்த ஊசியால் மறைதையல் போட்டு முடியுங்கள்.

பின்னின் கால் 6 மி.மீ. போதும். பலகை 1 செ.மீ.தான் என்பதை மறக்க வேண்டாம். 10 மி.மீ. பின் மரத்தைத் தாண்டித் தகரத்தைக் குத்தும். அந்தத் துளை வழியே ஈரம் வரும், உள்ளே வைக்கும் துணியும் மாட்டிக் கிழியும்.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பருத்தித் துணியை எடுங்கள். கோதுமை மாவுப் பசையால் மெல்லிய வாஷி என்ற ஜப்பானியத் தாளை முதலில் துணியின் பின்புறம் ஒட்டி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகு தாள் பக்கத்தில் பசை தடவிப் பெட்டியில் ஒட்டலாம். பசை தாளோடு நின்றுவிடும்.

அலங்காரம் முடிந்த பிறகு மூடி இறங்கவில்லை. அழுத்தி மூடினால் திறக்க வரவில்லை. (வாசகர், த்சுகுபா)

மூடி உட்காரும் இடத்தில் துணி ஏறியிருக்கிறது. சாபாகோவின் மூடியில் இடைவெளி மிகக் குறைவு. காற்றும் ஈரமும் புகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். அங்கே ஒரு சுற்றுப் பட்டு மடிப்பு நுழைந்தாலே மூடி பிடித்துக்கொள்ளும். முந்தைய பதிலில் சொன்ன பென்சில் கோடு இதற்காகத்தான். பெட்டி வாயின் தகர விளிம்பிலும், மூடியின் உள்புறத்திலும் துணி, பசை, லேஸ் எதுவும் வரக்கூடாது.

மூடியின் கீழ் விளிம்பில் துணியை உள்ளே திருப்பியிருந்தால் அதைப் பிரியுங்கள். விளிம்புக்கு 5 மி.மீ. மேலேயே துணியை மடித்து நிறுத்தி, பின் அடித்து, பின்களின் மேல் 12 மி.மீ. அகல நாடாவை ஒட்டுங்கள். தேநீர்ப் பாத்திரங்களின் மரப்பெட்டிகளைக் கட்டும் சனாடா-ஹிமோ என்ற தட்டையான நெசவு நாடா இதற்கு அருமையாகப் பொருந்தும், இரு ஓரமும் நெய்து முடிந்திருப்பதால் நூல் பிரியாது. நாடாவுக்கு மட்டும் பசை வைக்கலாம். துணிப்பசையை மெல்லிய கோடாக நாடாவில் தடவி ஒட்டுங்கள். சூட்டுப் பசை வேகமாகப் பிடிக்கும், ஆனால் அதன் மேடு மெல்லிய நாடா வழியே தெரியும்.

தேநீர்ச் சடங்குக்கான சாபாகோ ஒன்று இணையக் கடையில் குறைந்த விலைக்கு வருகிறது. அதையே அலங்கரிக்கலாமா? (வாசகி, ஓசாகா)

வேண்டாம். அது கிண்ணம், தேநீர்த் தூள் குடுவை, தேநீரைக் கலக்கும் மூங்கில் கடைகோல் எல்லாவற்றையும் அடுக்கி வெளியே எடுத்துச் செல்லும் சிறு பெட்டி. உராசென்கே என்னும் தேநீர்ச் சடங்கு மரபில் அதைக் கொண்டு தேநீர் வழங்கும் தனி முறைகளே இருக்கின்றன. உள்ளே தகரம் கிடையாது, பலவற்றில் அரக்குப் பூச்சு இருக்கும். அதற்குத் துணி சேர வேண்டிய இடம், உள்ளே வைக்கும் பாத்திரங்களுக்கான சிறு பைகள்தான். மீந்த கிமோனோத் துணியில் அந்தப் பைகளைத் தையுங்கள்.

தங்க ஜரிகை போட்ட ஓபி ஒன்று சந்தையில் கிடைத்தது. பெட்டி முழுக்கச் சுற்றலாமா? (வாசகி, கியோத்தோ)

மூடியின் மேற்புறத்துக்கோ முன் முகத்துக்கோ மட்டும் வையுங்கள். சுற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானியப் பொன்னிழைகளில் பல, தாளின் மேல் அரக்கால் உலோகத் தகடு ஒட்டி, மெல்லிய கீற்றாக வெட்டி நெய்தவை. கூர்மையான மூலையில் மடித்து இழுத்தால் அந்தக் கீற்று உடையும், தகடு உதிரும். ஈரம் பட்டாலும் அப்படித்தான். நீராவி இஸ்திரி கூடாது. பின்புறமாக, மேலே ஒரு துணி போட்டு, குறைந்த சூட்டில் உலர்வாகத் தேயுங்கள்.

ஃபுகுரோ ஓபி 31 செ.மீ. அகலமும் 4 மீட்டருக்கு மேல் நீளமும் இருக்கும். 30 செ.மீ. மூடிக்கு அது சரியாகத் தோன்றும், ஆனால் மடிக்க ஓரம் கிடைக்காது. இருபுறமும் 5 செ.மீ. அகலத்தில் கருநிறப் பருத்தித் துணியை இணைத்துத் தைத்து, இழுவை முழுதும் அந்தப் பருத்தியில் விழச் செய்யுங்கள். முதலில் ஓபியின் ஓரத் தையலைப் பிரித்து, உள்ளே இருக்கும் தடித்த பருத்தி நடுத்துணியை எடுத்துவிடுங்கள். அது பஞ்சு ஷீட்டுக்குப் பதிலாக உதவும். பின்புறத்தில் நீள நீளமாக ஓடும் நூல்களை வெட்டாதீர்கள். வெட்டினால் முன்பக்கப் பூவேலை தளரும். நூல் மாட்டாமலிருக்கப் பின்புறம் ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் பெருந்தையலாகப் போட்டால் போதும்.

மெய்சென் பட்டு இழுக்கும்போதே மடிப்பில் கிழிகிறது. காப்பாற்ற வழி உண்டா? (வாசகி, டோக்கியோ)

இழுப்பதற்கு முன் சோதித்திருக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பழைய மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். இரு கட்டைவிரல்களாலும் பாவு (நீள நூல்) திசையில் ஒருமுறை, ஊடை திசையில் ஒருமுறை மெல்ல இழுத்துப் பாருங்கள். தாள் கிழிவதுபோல உலர்ந்த சத்தம் வந்தால் அந்தப் பட்டு இழுவைக்குத் தாங்காது. நிழலில் தொங்கும் சிறு அலங்காரத்துக்கு ஒதுக்குங்கள்.

மடிப்பில் மட்டும் பலவீனம் என்றால் பின்புறம் மெல்லிய, நெய்த இன்டர்ஃபேசிங்கை (சூட்டில் ஒட்டும் உள்துணி) மிதமான சூட்டில், தேய்க்காமல் அழுத்தி அழுத்தி ஒட்டுங்கள். முதலில் ஓரத்துண்டில் முயன்று பாருங்கள். துணி சுருங்கிக் குமிழ் வந்தால் சூடு அதிகம். இழுவையையும் குறைத்து, பஞ்சை 3 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெய்செனில் ஒரு வசதி இருக்கிறது. நெய்யும் முன்பே நூலில் வடிவத்தைச் சாயமேற்றிவிடுவதால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இசேசாகி, சிசிபு, ஆஷிகாகா ஊர்களிலிருந்து வந்த பளிச்சென்ற பெரிய பூக்கள், அம்புக்குறி வடிவங்கள் எல்லாம் இப்படித்தான். வெளுத்த முன்பக்கத்தை விட்டு, பின்பக்கத்தை வெளியே காட்டுங்கள். நிறம் வியக்கும்படி இருக்கும்.

சாயச் சோதனையையும் தவற விடாதீர்கள். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். அவுரி நீலமும், கிமோனோவின் உள்துணியாக வரும் சிவப்புப் பட்டும் எளிதில் நிறம் விடும். வெளிர் நிறத் துணியோடு அவற்றைச் சேர்த்துத் தைக்காதீர்கள். தொடக்கத்துக்கு நல்ல துணி வேண்டுமானால் குருமே, பிங்கோ, இயோ பகுதிகளின் பருத்தி கசுரியை, அதாவது நெய்யும் முன்பே நூலில் வடிவத்தைச் சாயமேற்றிய துணியைத் தேடுங்கள். கியோத்தோவில் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதியும், கிட்டானோ தென்மாங்கூ கோயிலில் 25-ஆம் தேதியும் கூடும் சந்தைகளில் பழைய துணி வியாபாரிகள் வருவார்கள். டோக்கியோக்காரர்களுக்கு நாடா, பஞ்சு, ஊசிக்கு நிப்போரி துணிக்கடைத் தெரு இருக்கிறது.

பெட்டியின் மேல் உட்காரலாமா? சக்கரம் வைக்கலாமா? (வாசகர், சிபா)

10 கிலோப் பெட்டியில் உட்கார வேண்டாம். 30, 40 கிலோப் பெட்டிகளிலும் வெறும் மூடி தாங்காது. மூடியின் மேற்பரப்பு அளவுக்கு 9 மி.மீ. பிளைவுட் வெட்டி, துணி போடும் முன் மரப்பசையால் ஒட்டி, பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். அதன்மேல் 2.5 செ.மீ. ஃபோம், பிறகு பஞ்சு, பிறகு துணி. ஃபோமின் மேல் ஓரங்களைச் சாய்வாகச் சீவினால் மூலைகளில் துணி கட்டி நிற்காது. உட்காரும் பெட்டிக்குப் பட்டு கூடாது, பருத்தியே சரி.

சக்கரத் திருகைப் பெட்டியின் அடியில் நேரடியாக ஏற்றினால் தகரம் துளைபடும். 2 செ.மீ. கனமுள்ள இரு மரச்சட்டங்களை அடியில் பசையிட்டு ஒட்டி, 16 மி.மீ. திருகால் சக்கரங்களைச் சட்டத்தோடு பிணையுங்கள்.

அலங்கரித்த பெட்டியில் அரிசி வைக்கலாமா, பட்டுப் புடவை வைக்கலாமா? உள்ளேயும் துணி ஒட்ட ஆசை. (வாசகி, நகோயா)

உள்ளே ஒட்டாதீர்கள். துணியும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்துத் தகரத்தோடு வைத்திருக்கும், அங்கேதான் துரு தொடங்கும். அழகுக்கு வேண்டுமானால் எடுத்துத் துவைக்கக்கூடிய ஒரு விரிப்பைத் தளர்வாகப் போடுங்கள்.

அரிசி, புதிய பெட்டியில் மட்டும். பழைய பெட்டியின் ஈயப்பற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பசை வாடை போகப் பெட்டியை ஒரு வாரம் திறந்து வைத்த பிறகே எதையும் உள்ளே வையுங்கள்.

புடவை தாராளமாக வைக்கலாம், நல்ல இடம். ஆனால் பூச்சி மருந்தில் கவனம் தேவை. கற்பூரம், நாப்தலின் உருண்டை, பாராடைக்ளோரோபென்சீன் வில்லை ஆகியவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு சேர்ந்தால் உருகி நீராகித் துணியில் கறை போடும். இறுக்கமாக மூடும் பெட்டி என்பதால் முந்தைய மருந்தின் ஆவி நெடுநாள் தங்கும். மருந்தை மாற்றும் முன் புடவையையும் பெட்டியையும் நன்றாகக் காற்றாட விடுங்கள். ஜரிகைப் புடவையோடு ரப்பர் பேண்டை வைத்தால் ஜரிகை கறுக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, காலை 10 மணிக்குத் திறந்து பிற்பகல் 2 மணிக்கு மூடிவிடுங்கள். மாலைக் காற்றின் ஈரம் உள்ளே போகக் கூடாது.

கிடைத்த பழைய பெட்டியில் வணிகர் பெயர் தூரிகையால் எழுதியிருக்கிறது, ஒரு வண்ணச் சீட்டும் ஒட்டியிருக்கிறது. துணி போட்டு மறைத்துவிடலாமா? (வாசகர், ஷிசுவோகா)

தயவுசெய்து மறைக்காதீர்கள். ஏற்றுமதித் தேயிலையில் ஒட்டிய அந்த வண்ணச் சீட்டுகளை ரஞ்சி என்பார்கள். மேலைநாட்டு எழுத்தும் ஜப்பானியப் படமும் கலந்த மரஅச்சு வேலை அது, தனியே சேகரிக்கப்படுகிறது. பின் அடித்தாலோ பஞ்சு அழுத்தினாலோ தாள் போய்விடும். சீட்டின் ஓரம் மட்டும் தூக்கியிருந்தால் நீர்த்த கோதுமைப் பசையைச் சிறு தூரிகையால் உள்ளே செலுத்தி, மேலே பட்டர் தாள் வைத்து அழுத்துங்கள். செல்லோ டேப் வேண்டாம், சில ஆண்டுகளில் பழுப்புக் கறை விட்டுவிடும். துணி போட ஆசையாக இருந்தால், மூடியில் எழுத்து இல்லாத பட்சத்தில் மூடியின் மேற்புறத்துக்கு மட்டும் ஒரு கசுரித் துண்டு போடுங்கள். உடலை மென்மையான உலர்ந்த பிரஷால் தூசி தட்டினால் போதும்; வார்னிஷ் பூச வேண்டாம்.